படிக்காத மச்சானுக்கு ஒரு புத்தகம்

மார்கழி பாதியைத் தாண்டினால் சென்னையில் புத்தகக் காட்சி, பின்னாலேயே பொங்கல் லீவு. கிளை நூலகத்தில் 27 வருடம் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள் என்பதால், "அக்கா, யாருக்கு என்ன வாங்கலாம்?" என்ற கேள்விகள் இப்போதும் என்னிடம்தான் வருகின்றன. இந்த வருடம் வந்தவற்றில் சில இங்கே.

*மச்சானுக்கு 35 வயது. பள்ளிக்கூடத்தை விட்டபின் ஒரு புத்தகம் தொட்டதில்லை, எப்போதும் கையில் போன்தான். பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறார். என்ன கொடுக்கலாம் அக்கா?*

பூமணியின் 'வெக்கை'. ஒல்லியான நாவல். 15 வயதுப் பையன் சிதம்பரம் ஒருவனை வெட்டிவிட்டு இருட்டில் ஓடுவதில் தொடங்குகிறது. அப்புறம் அவனும் அவன் அப்பாவும் காடு மேடெல்லாம் ஒளிந்து திரிகிறார்கள். என்ன பறித்துத் தின்றார்கள், எங்கே படுத்தார்கள் என்பதைப் பூமணி சொல்கிற விதத்தில் நமக்கே பசிக்கும். 'அசுரன்' படம் இதிலிருந்து வந்ததுதான். "நான்தான் படம் பார்த்துட்டேனே" என்பார் மச்சான். "படத்தில் இருக்கிற பாதி இதில் கிடையாது, இதில் இருக்கிற பாதி படத்தில் கிடையாது" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். படித்தாரா என்று மட்டும் ஒரு மாதத்துக்குக் கேட்காதீர்கள். கேட்டால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

*பாட்டிக்கு 78. கண் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் மறுபடி படிக்கிறார். 'பொன்னியின் செல்வன்' கேட்கிறார். எந்தப் பதிப்பு வாங்க?*

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். விலையை மட்டும் பார்த்து வாங்கினால் ஐந்து பாகமும் ஒரே செங்கல்லாக வரும். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். கடையிலேயே நடுப்பக்கத்தைத் திறந்து கை நீட்டித் தள்ளிப் பிடித்து ஒரு வரி படித்துப் பாருங்கள். உங்களுக்கே கண் சுருங்கினால் பாட்டிக்கு ஆகாது. அடுத்து, நடுவில் லேசாக அழுத்துங்கள். 'மளுக்' என்று சத்தம் வந்தால் வெறும் பசை பைண்டிங், பொங்கல் முடிவதற்குள் பக்கம் கழன்று கையோடு வரும். பாகம் பாகமாக ஐந்து புத்தகமாக வருகிறதையே வாங்குங்கள். படுத்துக்கொண்டு நெஞ்சில் வைத்துப் படிக்கிறவர்களுக்குக் கனம் முக்கியம்.

கூடவே தேவனின் 'துப்பறியும் சாம்பு'வையும் வையுங்கள். ஒவ்வொன்றும் தனிக்கதை. ஒன்று படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

*நிச்சயமான பெண்ணுக்கு 'பொன்னியின் செல்வன்' கொடுக்கலாமா?*

வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் தம்பி. பல வீடுகளில் இரண்டு செட் இருக்கிறது.

*மகளுக்கு 10 வயது, பஹ்ரைனில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். லீவில் ஊருக்கு வருகிறோம்.*

'டோட்டோ சான் - ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானில் டெட்சுகோ குரோயாநாகி எழுதியது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. சேட்டை தாங்காமல் முதல் பள்ளியில் வெளியே அனுப்பப்பட்ட பெண், ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கும் ஒரு பள்ளியில் சேர்கிறாள். முதல் நாள் தலைமை ஆசிரியர் கோபயாஷி அவள் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மதியச் சாப்பாட்டில் 'கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்' இருக்கவேண்டும் என்பது அவர் போட்ட விதி. உங்கள் மகள் அடுத்த நாளே தன் டிபன் பாக்ஸைத் திறந்து எது கடல், எது மலை என்று பார்ப்பாள்.

அவளையே படிக்கச் சொல்லாதீர்கள். அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. ராத்திரிக்கு ஒன்று நீங்கள் வாசியுங்கள், கடைசிப் பத்தியை மட்டும் அவளிடம் கொடுங்கள். கடைசியில் போர் வருகிறது, பள்ளி குண்டுவீச்சில் எரிந்துபோகிறது. நீங்கள் ஒரு தடவை முன்னாடியே படித்துவைத்துக்கொள்வது நல்லது.

*அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். கதை என்றாலே "எல்லாம் பொய்" என்பார். பேப்பரை மட்டும் விளம்பரம் உட்பட படிப்பார்.*

தொ. பரமசிவனின் 'பண்பாட்டு அசைவுகள்'. உப்பு, எண்ணெய், தேங்காய் என்று வீட்டில் கிடக்கிற சாமான்களின் பின்னால் இருக்கும் சரித்திரத்தைச் சின்னக் கட்டுரைகளாகச் சொல்வார். கூலியாக சம்பா நெல்லும் அளமும், அதாவது உப்பும், கொடுத்த வழக்கத்தில்தான் 'சம்பளம்' என்ற சொல் பிறந்தது என்பார்கள் என்று ஓரிடத்தில் எழுதுகிறார். உங்கள் அப்பா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். சாப்பாட்டு நேரத்தில் உங்களிடம் வாதாடுவார். வாதாடட்டுமே, புத்தகம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

*கல்யாணத் தாம்பூலப் பையில் 200 புத்தகம் போட ஆசை. இரா. நடராசனின் 'ஆயிஷா' சின்னதாக, விலையும் குறைவாக இருக்கிறதே?*

அருமையான கதை. ஆனால் கேள்வி கேட்டே அடிவாங்கி, கடைசியில் செத்துப்போகிற ஒரு சிறுமியின் கதை அது. மண்டபத்தில் வேண்டாம். அதை உங்களுக்குத் தெரிந்த டீச்சர்களுக்குக் கொடுங்கள். தாம்பூலப் பைக்கு பாரதியார் கவிதைச் சிறு தொகுப்பு போதும். கடையில் வாங்காமல் பதிப்பகத்திடமே நேராகக் கேளுங்கள், மொத்தமாக எடுத்தால் கழிவு கூடக் கிடைக்கும்.

*பினாங்கிலிருந்து கேட்கிறேன். எங்கள் பக்கத்து வாழ்க்கை தமிழ்நாட்டு நாவல்களில் வருவதே இல்லையே?*

வருகிறது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. சிங்கம்புணரிக்காரர், இளம்வயதில் இந்தோனேசியாவில் இருக்கும் மேடானுக்குப் போய் வேலை பார்த்தவர், திரும்பிவந்து மதுரையில் தினத்தந்தியில் இருந்தார். எழுதியது இரண்டே நாவல்கள். ஜப்பான்காரர்கள் மேடானுக்குள் நுழைகிற நாளில் கதை தொடங்குகிறது. செட்டியார் கடைகளில் வேலை பார்க்கும் பெட்டியடிப் பையன்கள், நேதாஜி படை, உங்கள் பினாங்கு எல்லாம் உண்டு. தொங்கான் என்கிற மரக்கப்பலில் போகும்போது புயல் அடிக்கும் அத்தியாயத்தை நான் நூலக மேஜையில் நின்றபடியே படித்தேன், எதிரில் ஆள் நிற்பது தெரியாமல்.

முதல் 50 பக்கம் மலாய்ச் சொற்கள் தமிழ்நாட்டுக்காரர்களைத் தடுக்கும். உங்களைத் தடுக்காது.

*உங்களுக்கென்று இந்த வருடம் என்ன வாங்குவீர்கள் அக்கா?*

மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. பறவை, அணில், மரம் பற்றிய கட்டுரைகள். ஏற்கெனவே இரண்டு முறை வாங்கினேன். இரண்டையும் இரவல் வாங்கிப் போனவர்கள் திருப்பித் தரவில்லை. நூலகத்தில் என்றால் அபராதம் போட்டிருப்பேன்.