மேகமூட்டம் இருந்தாலும் ஐந்து நாள்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 68. எதிர்ச்சரிவில் உள்ள தேயிலை வரிசைகள் இடது கண்ணுக்கு நெளிந்து தெரிகின்றன என்கிறார். விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக் குழாய்கள் வளர்ந்திருப்பதாகவும், கண் ஊசியுடன் ஒளிச் சிகிச்சையும் தேவை என்றும் கோவை மருத்துவர் கூறுகிறார். அதன்பின் ஐந்து நாள் வெயில் படக் கூடாதாம். மேகம் மூடிக் கிடக்கும் எங்கள் ஊரிலும் இந்தக் கட்டுப்பாடு அவசியமா?
வாசகி, கோத்தகிரி

பதில்: அவசியமே. வெர்ட்டிபோர்ஃபின் என்னும் கரும்பச்சை மருந்தைக் கை நரம்பின் வழியே 10 நிமிடம் ஏற்றுவார்கள். ஏற்றத் தொடங்கிய 15 நிமிடத்தில், 689 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரைக் கண்ணுக்குள் 83 வினாடி செலுத்துவார்கள். சூட்டினால் பொசுக்கும் பழைய லேசர் அல்ல இது. ஒளி பட்ட இடத்தில் மட்டும் மருந்து வினைபுரிந்து குழாயின் உட்சுவரைச் சிதைக்க, அங்கே ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது.

ஆனால் ஏற்றிய மருந்து கண்ணோடு நிற்பதில்லை, தோலிலும் தங்குகிறது. அதைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே என்பதால், மேகத்தைத் தாண்டி வரும் பகலொளியையும் அலட்சியப்படுத்த முடியாது. வெயில் தடுப்புக் களிம்பும் இங்கே உதவாது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பயணத்தை இருட்டிய பின் வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி ஆகியவை கையில் இருக்கட்டும். பல் மருத்துவரின் பிரகாசமான விளக்கும் அந்த ஐந்து நாளில் ஆகாது.

அதற்காக அவரை இருட்டறையில் உட்கார வைத்துவிடாதீர்கள் (அக்கறை மிகுந்த பல வீடுகளில் நடக்கும் தவறு இதுதான்). அறையின் மிதமான வெளிச்சம் தோலிலுள்ள மருந்தைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்யும் என்பதால், சன்னலை விட்டுத் தள்ளி, சாதாரண விளக்கொளியில் அவர் நடமாடலாம்.

இழந்த பார்வை முழுதும் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; கசிவை நிறுத்துவதே முதல் நோக்கம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இச்சிகிச்சை, கண் ஊசிகள் வந்தபின் பெரிதும் குறைந்துவிட்டது. எனினும் ரத்தக் குழாய்களில் மொட்டுப்போன்ற புடைப்புகள் தோன்றும் வகைக்கு ஊசியோடு சேர்த்து இதையும் தருவதுண்டு. ஆசிய மக்களிடம் அவ்வகை அதிகம். உங்கள் மாமியாருக்கு இருப்பது அதுதானா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கல்லீரல் கோளாறோ, போர்ஃபைரியா என்னும் ரத்த நிறமிக் கோளாறோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குப் பின் சில நாள் பார்வை மங்கலாக இருக்கக்கூடும். திடீரென்று வெகுவாகக் குறைந்தால் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஆறாம் நாளிலிருந்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சன்னல் கம்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வலது கண்ணுக்கும் கம்பி வளைந்து தெரிந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.