டைப் 1 காரருக்கும் இன்சுலின் எதிர்ப்பு வருமா? – கேள்வி பதில்

சீனி வருத்த கிளினிக்கில் வேலை செய்யும் தாதி பதில் சொல்கிறார்.

ஹட்டன், ஒரு தாய்: மிஸ், மகளுக்கு 13 வயசு, டைப் 1. ஊசி அளவ கூட்டிக்கிட்டே போறாங்க, சீனி இறங்கல. இன்சுலின் எதிர்ப்புன்னு சொல்றாங்க. அது டைப் 2 காரங்களுக்குத்தானே?

டைப் 1 என்றால் கணையம் இன்சுலின் சுரக்காது. போட்ட இன்சுலினுக்கு உடம்பு சரியாக இசையாததுதான் இன்சுலின் எதிர்ப்பு, அது வேறு கோளாறு. இரண்டும் ஒருவருக்கே வரலாம் அம்மா. பருவமடையும் வயதில் வளர்ச்சி ஹோர்மோன் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு, உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்குள் பெரும்பாலும் போதும். இந்த வயதில் 1.5 வரைகூடப் போகும். 40 கிலோ பிள்ளைக்கு 50 யூனிட் என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. லயத்தில் யார் என்ன சொன்னாலும் நீங்களாக அளவைக் குறைக்காதீர்கள். வளர்ச்சி முடிந்ததும் தேவை தானாக இறங்கும். அப்போது டொக்டர் குறைப்பார்.

தலவாக்கலை: வயசு 28, தொப்பை போட்டிருக்கு. 90 யூனிட் போட்டும் சீனி 250க்கு மேல. தொப்புள் பக்கத்துலதான் எப்பவும் குத்துறேன்.

முதலில் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள் தம்பி. ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துவிடும், மருந்து ஒழுங்காக ஊறாது. எதிர்ப்பு என்று நினைப்பதில் பல தடவை இதுதான் காரணம். ஆனால் இடத்தை மாற்றியதும் அதே 90 யூனிட் அதிகமாகி சீனி சடாரென்று விழலாம். அதனால் கிளினிக்கில் கேட்டே மாற்றுங்கள். கலங்கல் இன்சுலினை உருட்டிக் கலக்குகிறீர்களா, திறந்த போத்தல் 28 நாள் தாண்டிவிட்டதா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் சரியென்றால், இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டருக்கு மேலா, கழுத்து மடிப்பு கறுத்திருக்கிறதா, அப்பா அம்மாவுக்கு டைப் 2 உண்டா? அப்படியானால் எதிர்ப்பு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வேளையும் கோதுமை மா ரொட்டி, நடுவில் சீனி போட்ட பிளேன்டீ என்றால் அவற்றைக் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள்.

பண்டாரவளை: மெட்ஃபோமின் குடிச்சா ஊசிய விடலாமா?

கூடவே கூடாது. மெட்ஃபோமின் டைப் 2 காரருக்கு வழக்கமாகக் கொடுக்கும் குளிசை. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் டைப் 1 காரருக்கு மூன்று வருடம் மெட்ஃபோமின் கொடுத்தார்கள். எடையும் கெட்ட கொலஸ்ட்ரோலும் சற்றுக் குறைந்தன. சீனிக் குறைவு நிலைக்கவில்லை. ஊசியை நிறுத்தினால் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மஸ்கெலியா: மலைக்கு கொழுந்து எடுக்கப் போற நாள்ல சீனி குறையுது, ஞாயித்துக்கிழம ஏறுது. ஏன் மிஸ்?

உழைக்கும் தசை இன்சுலினுக்கு நன்றாக இசையும், அக்கா. அந்தப் பலன் மறுநாள் வரைகூட இருக்கும், ராத்திரியிலும் சீனி விழலாம். மலைக்குப் போகும்போது குளுக்கோஸ் பொட்டலம் கொண்டுபோங்கள், பக்கத்து நிரையில் நிற்பவரிடமும் சொல்லி வையுங்கள்.