சோக்தியர்களின் கடிதங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பட்டுப்பாதை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தபின் சோக்தியர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். மத்திய ஆசியாவின் சமர்கந்திலிருந்து சீனாவரை வணிகம் செய்தவர்கள். ஆனால் பேரரசு அமைக்கவில்லை, காப்பியம் எதையும் விட்டுச்செல்லவில்லை. அரபுப் படையெடுப்போடு மொழியும் அழிந்துவிட்டது. அந்த மொழியை இன்று படித்து என்ன ஆகப்போகிறது?

கா.

அன்புள்ள கா.,

சோக்தியர்கள் பிறந்த குழந்தையின் வாயில் இனிப்பையும் உள்ளங்கையில் பசையையும் வைப்பார்கள் என்று சீன வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். பேச்சு இனிக்க வேண்டும், வந்த காசு கையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர்களின் மொழி நமக்கு வாசிக்கக் கிடைத்திருக்காவிட்டால் இந்தச் சித்திரம் மட்டும்தான் எஞ்சியிருக்கும்.

1907ல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டெயின் வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங்குக்கு மேற்கே, இடிந்த காவல்கோபுரம் ஒன்றில் உரியவர்களுக்குப் போய்ச்சேராத சில சோக்தியக் கடிதங்களைக் கண்டெடுத்தார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டவை. நனைவந்தக் என்ற வணிகர் சமர்கந்துக்கு எழுதுகிறார். சீனத் தலைநகர் லோயாங் எரிந்தது, பஞ்சத்தால் சக்கரவர்த்தியே ஓடிவிட்டார் என்கிறார். அதே கடிதத்தில் கஸ்தூரியை ஐந்து பங்காக்கி யாருக்கு எத்தனை கொடுக்கவேண்டும் என்றும் சொல்கிறார்.

இந்தக் கடிதங்களை எழுதியவர்களில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவள் மிவ்னை. கணவன் பேச்சைக் கேட்டு, அம்மாவும் அண்ணன் தம்பிகளும் தடுத்தும் துன்ஹுவாங்குக்கு வந்தவள். மகள் ஷைனோடு மூன்று வருடங்களாக அங்கே கிடக்கிறாள். கணவனிடமிருந்து பதிலே இல்லை. அவன் உறவினர்கள் ஒருவரைக் காட்டி இன்னொருவர் நழுவுகிறார்கள். ஒரு கோயில் பூசாரி மட்டும் ஒட்டகமும் துணைக்கு ஆளும் தருவதாகச் சொல்கிறார். கணவனுக்கு எழுதுகிறாள்: உனக்கு மனைவியாக இருப்பதைவிட ஒரு நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருப்பேன். கடைசியில் மகள் சில வரிகள் சேர்க்கிறாள். கடன் வாங்கிய ஒருவன் ஓடிவிட்டான், அந்தக் கடனுக்காக நானும் அம்மாவும் சீனர்களிடம் வேலைக்காரிகளாகிவிட்டோம்.

பட்டுப்பாதை வணிகத்தின் விலையை எந்த அரசவைக் காப்பியமும் இப்படிச் சொல்லியிருக்காது. இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

மொழி அரபுப் படையெடுப்போடு அழிந்துவிடவும் இல்லை. அரபுத் தளபதி குதைபா சமர்கந்தைப் பிடித்தது 712ல். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்குமேல் கழித்தும் மத்திய ஆசிய நகரமான பலாசகுனில் மக்கள் சோக்தியமும் துருக்கியும் பேசினார்கள் என்று துருக்கிய மொழி அகராதி தொகுத்த மஹ்மூத் கஷ்கரி பதிவுசெய்கிறார். சோக்திய எழுத்தை உய்குர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து மங்கோலியர்கள். சோக்தியத்தின் ஒரு வட்டார வழக்கிலிருந்து வந்த யக்னோபி மொழி தஜிகிஸ்தானில் இன்றும் பேசப்படுகிறது. 1970ல் சோவியத் அரசு அம்மக்களை மலைப் பள்ளத்தாக்கிலிருந்து பெயர்த்து, சஃபரோபாதின் பருத்தி வயல்களுக்கு வேலைக்கு அனுப்பியது. கொடுமையான காரியம். பின்னர் சில குடும்பங்கள் ஊர் திரும்பின.

இந்தக் கடிதங்களுக்கு நிக்கோலஸ் சிம்ஸ்-வில்லியம்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது. மிவ்னை கணவனுக்கு எழுதியது மூன்றாவது கடிதம். முதலில் அதைப் படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.