வாசலில் நிறுத்தும் ஊருக்கு என்ன உடை தைப்பது?

கேள்வி: மும்பையில் ஃபேஷன் டிசைன் கடைசி வருடம் படிக்கிறேன். 'நகரமும் கண்காணிப்பும்' என்று புராஜெக்ட். துணி முழுக்க சிசிடிவி கேமரா பிரிண்ட் போட்டுக் காட்டினேன், "இது போஸ்டர், உடை இல்லை" என்று சார் திருப்பிவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, தாராவி

பதில்: சார் சொன்னது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. லண்டனில் 90களின் நடுவில் ஜோ ஹன்டர், ஆடம் தார்ப் என்ற இரண்டு டிசைனர்கள் 'வெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற பெயரில் ஒரு பார்க்கா (தலையை மூடும் தொப்பி வைத்த) கோட் தைத்தார்கள். தெருவெல்லாம் கேமரா, கூட்டம் கூடுவதைக் கட்டுப்படுத்த 1994இல் புதுச் சட்டம், போதாததற்கு வண்டிப் புகை. அதனால் ஜிப்பை மேலே இழுத்தால் முகம் பாதி மறைந்துவிடும், துணியோ எளிதில் கிழியாத பாலிஸ்டிக் நைலான். அதே 1994இல் ஜப்பானில் கோசுகே சுமுரா என்ற டிசைனர் 44 பாக்கெட் வைத்து 'ஃபைனல் ஹோம்' கோட் செய்தார்; வீடு இழந்தவர் அதற்குள் பழைய பேப்பரைத் திணித்துக் குளிரைத் தாங்கலாம். எனக்கு அதைப் பார்த்ததும் பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைதான் ஞாபகம் வந்தது.

உங்கள் தெருவிலிருந்து வீட்டுவேலைக்குப் போகும் அக்கா ஒருவரிடம் கேட்டுக்கொண்டு ஒருநாள் கூடப் போங்கள். பெரிய பில்டிங் வாசலில் வாட்ச்மேன் யாரைப் பார்த்ததும் கேட்டைத் திறக்கிறார், யாருடைய பையைத் திறந்து காட்டச் சொல்கிறார், யாரைப் பின்பக்க லிஃப்டுக்கு அனுப்புகிறார் என்று பாருங்கள், இதில் பாதியை முடிவு செய்வது உடுத்தியிருக்கும் துணிதான். திரும்பும்போது லோக்கல் நெரிசலில் அந்த அக்கா போனை ஜாக்கெட்டுக்குள் செருகுகிறாரா, சில்லறையை முந்தானையில் முடிகிறாரா? இன்ச் டேப்பும் நோட்டும் கையில் இருக்கட்டும், உங்கள் கலெக்‌ஷன் அங்கேதான் இருக்கிறது. அப்புறம், அவர்கள் கஷ்டத்தை மேடைக்கு அலங்காரமாக ஆக்கிவிடாதீர்கள். முதல் உடையை அந்த அக்காவே ஒரு வாரம் உடுத்திப் பார்க்கட்டும், அவர் குறை சொல்லும் இடத்தில் எல்லாம் பிரித்துத் தையுங்கள்.

கேள்வி: முகத்தில் வர்ணம் பூசினால் கேமரா ஏமாறுமா?
- வாசகர், செம்பூர்

பதில்: 2010இல் ஆடம் ஹார்வி என்ற கலைஞர் 'சிவி டேஸில்' என்று ஒரு மேக்கப் செய்தது, நிழலையும் வெளிச்சத்தையும் வைத்து முகத்தைக் கண்டுபிடிக்கும் வயோலா-ஜோன்ஸ் என்ற கணினி முறையைக் குழப்புவதற்காக. மூக்குத்தண்டின் மேல் முடியை விழவிட்டு, கன்னத்தில் ஏறுக்குமாறாகப் பட்டை தீட்டினார். இன்றைய மென்பொருள் வேறு வழியில் கற்றுக்கொள்கிறது, அந்த மேக்கப்பை நம்பி வெளியே போகாதீர்கள்.