மாட்டுத் தாது உப்பைச் செம்மறிக்கு வைக்கலாமா?

கேள்வி: மேட்டூர் பக்கம் எங்களுக்கு இரண்டு கறவை மாடும் இருபது மேச்சேரிச் செம்மறி ஆடும் இருக்கின்றன. மாட்டுக்கு வாங்கும் தாது உப்பையே இரண்டு மாதமாக ஆடுகளுக்கும் தவிட்டில் கலந்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி வைத்தேன். போன வாரம் ஒரு சினை ஆடு தீனி எடுக்காமல் நின்றது. மூத்திரம் காப்பி நிறத்தில் போனது, கண் மஞ்சளாகி மறுநாளே செத்துவிட்டது. இன்று இன்னொன்று சோர்ந்து கிடக்கிறது. அதே உப்பைத் தின்னும் மாடுகளுக்கு ஒன்றுமில்லை. பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடுகளும் நன்றாகத்தான் இருக்கின்றன. அளவு கூடிவிட்டதா?

பதில்: முதலில் ஆடுகளுக்கு உப்பு வைப்பதை இந்த வேளையே நிறுத்துங்கள். சோர்ந்து கிடக்கும் ஆட்டைக் கால்நடை மருத்துவர் இன்றே பார்க்க வேண்டும். 1962-க்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள், உப்பில் உள்ள காப்பர் (செம்பு) உடலில் சேர்ந்து நஞ்சாவதைத்தான் காட்டுகின்றன. உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோயிலும் எலிக்காய்ச்சலிலும்கூட மூத்திரம் சிவக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை செய்துதான் முடிவுக்கு வர வேண்டும். ஆனாலும் உங்கள் கணக்கைப் பார்த்தால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

பையின் பின்பக்கம் காப்பர் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மாட்டுக்கான கலவையில் 0.1 சதவீத அளவில் இருப்பது வழக்கம். அப்படியானால் ஒரு கிராம் உப்பில் ஒரு மில்லிகிராம் காப்பர். கைப்பிடி 30 கிராம் என்று வைத்தாலும் ஆட்டின் வயிற்றுக்குள் தினமும் 30 மில்லிகிராம் போயிருக்கிறது. மேச்சேரி ஆடு ஒரு நாளில் தின்பது, ஈரம் நீக்கிப் பார்த்தால், ஒரு கிலோ தீவனம்கூட வராது. செம்மறிக்கு ஒரு கிலோ உலர்தீவனத்தில் 15 மில்லிகிராமைத் தாண்டினாலே ஆபத்து. புல்லிலும் தவிட்டிலும் இயல்பாக உள்ள காப்பர் இதற்கு மேலே. மாட்டின் கதை வேறு. 50 கிராம் உப்புத் தின்றாலும் அது பத்து கிலோ உலர்தீவனத்தில் பரவிவிடுகிறது, தாங்கும் அளவும் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை. வெள்ளாடும் செம்மறியைவிடக் கூடுதலாகத் தாங்கும். பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து உங்கள் பட்டிக்கு அளவு வைக்க முடியாது.

செம்மறியின் கல்லீரல் காப்பரைப் பித்தத்தோடு வெளியேற்றுவதில் மிகவும் மந்தம். வாரக்கணக்கில் சேர்த்து வைக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, ஆடு கொழுகொழுவென்றே இருக்கும். நிறைசினை, பட்டினி, நெடுநடை, வண்டிப் பயணம், மழையில் நனைதல் என்று ஏதாவது ஒரு அலைச்சல் வந்ததும் காப்பர் மொத்தமாக ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மூத்திரம் கறுப்பதும் கண் மஞ்சளாவதும் அதனால்தான். உப்பை நிறுத்திய பிறகும் சில வாரங்கள் வரை ஆடு விழலாம். ஆகவே இந்த மாதம் சந்தைக்கு ஓட்டாதீர்கள், தூர மேய்ச்சல் வேண்டாம், வேளைக்குத் தீனி, நிழல், தண்ணீர் குறையக் கூடாது.

நன்றாக இருக்கும் ஆடுகளிலும் சிலவற்றின் ரத்தத்தை எடுத்துக் கல்லீரல் பாதிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். சேர்ந்த காப்பரைக் குறைக்க அமோனியம் மாலிப்டேட்டும் சோடியம் சல்பேட்டும் வாய்வழியாகக் கொடுப்பது உண்டு. அளவையும் நாளையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், கடையில் வாங்கி நீங்களாகக் கலக்காதீர்கள். மேலும் ஒன்று இறந்தால் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். சிறுநீரகம் நீலங்கலந்த கறுப்பாக இருந்தால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்து திடீரெனச் செத்த ஆட்டை மட்டும் யாரும் அறுக்கக் கூடாது, அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம்.

தாது உப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. செம்மறிக்கென்றே தயாரித்த, காப்பர் சேர்க்காத கலவையை, மருத்துவர் சம்மதித்த பிறகு தொடங்குங்கள். பெரிய ஆட்டுக்குப் பொதுவாக 5 முதல் 10 கிராம், குட்டிக்கு அதிலும் குறைவு. கையால் அள்ளாமல் சிறு தராசில் ஒருமுறை நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு கரண்டியை ஒதுக்கி வையுங்கள். பொட்டனேரியில் உள்ள மேச்சேரி செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். உங்கள் மேய்ச்சலைச் சொல்லி அங்கே கேட்டால் பொருத்தமாகச் சொல்வார்கள்.

  

மீதமுள்ள பையை மாட்டுக்கே வையுங்கள். மாட்டுத் தொட்டியை ஆடு நக்காமல் தடுக்க வேண்டும். மாட்டுக்கான உப்புக்கட்டியும், குளம்பு கழுவ வைத்த, காப்பர் உள்ள மயில்துத்தத் தண்ணீரும் ஆடு எட்டும் இடத்தில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்திவிடுங்கள்.