ரா படங்களை எந்த வடிவத்தில் பத்திரப்படுத்துவது? டெல்டாவிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கேமராவின் சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல்களை நீண்ட காலம் காப்பாற்றுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கும்பகோணத்திலிருந்து கோடியக்கரை வரை கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு இன்னொரு நாள் பதில் சொல்கிறேன்.

கும்பகோணம்: சார், 2004 மகாமகத்தை அப்பா கேனான் 300டி-யில் எடுத்து வைத்திருக்கிறார். எல்லா ஃபைலும் ‘சிஆர்டபிள்யூ’ என்று முடிகிறது. புது லேப்டாப் திறக்க மாட்டேன் என்கிறது. அவ்வளவுதானா?

பயப்படாதீர்கள், படம் பத்திரமாக இருக்கிறது. சிஆர்டபிள்யூ என்பது கேனானின் பழைய ரா வடிவம். அதே 2004-லேயே அவர்கள் சிஆர்2-க்கு மாற ஆரம்பித்துவிட்டார்கள், 2018-ல் சிஆர்3 வந்தது. மூன்றும் உள்ளே வேறு வேறு அமைப்பு. இன்றும் இவற்றைத் திறக்க முடிகிறதென்றால், டேவ் காஃபின் என்ற நிரலாளருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1997-லிருந்து ஒவ்வொரு கேமராவின் ஃபைலையும் பிரித்துப் பார்த்து ‘டிசிரா’ என்ற இலவச நிரலை எழுதிவந்தார். அதிலிருந்து கிளைத்ததுதான் இப்போதுள்ள லிப்ரா என்ற, ரா ஃபைலைத் திறக்கும் நிரல்தொகுப்பு.

ராதெரபி என்ற இலவச மென்பொருளை இறக்கித் திறந்து பாருங்கள். பிறகு அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர், அதுவும் இலவசம்தான், முழு ஃபோல்டரையும் டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு ஒரே மூச்சில் மாற்றித் தரும். ஒன்று கவனியுங்கள்: ஒவ்வொரு சிஆர்டபிள்யூ பக்கத்திலும் அதே பெயரில் ‘டிஎச்எம்’ என்று ஒரு குட்டி ஃபைல் இருக்கும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், எடுத்த நேரம் முதலான விவரம் அதில் இருக்கிறது. மாற்றிய பிறகும் பழைய ஃபைல்கள் இருக்கட்டும். 2028 மகாமகத்தை நீங்கள் எடுக்கும்போது அப்பாவின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாமா?

தஞ்சாவூர்: டிஎன்ஜி திறந்த வடிவம் என்கிறார்கள். ஆனால் அது ஒரு கம்பெனி செய்ததுதானே? நாளைக்கு அடோபி கடையைக் கட்டினால்?

நியாயமான சந்தேகம். டிஎன்ஜியை அடோபி 2004 செப்டம்பரில் வெளியிட்டது. அதன் அடித்தளம் புதிதல்ல: 1992-ன் டிஃப் 6.0 என்ற பட வடிவம், அதன்மேல் டிஜிட்டல் கேமராக்களுக்காக வகுத்த டிஃப்/ஈபி என்ற ஐஎஸ்ஓ தரம் (12234-2, ஆண்டு 2001). முழு விவரக்குறிப்பும் பொதுவில் கிடைக்கிறது. அதைப் படித்து யாரும் காசு கட்டாமல் மென்பொருள் எழுதலாம். அடோபி மூடினாலும் அந்த ஆவணம் இருக்கும், அதை வைத்துப் படத்தைத் திறக்க ஆளும் இருப்பார்கள்.

கேமரா கம்பெனிகள் பலவும் தங்கள் ரா வடிவத்தில் அப்படி இல்லை. 2005-ல் நிக்கான் டி2எக்ஸ் கேமராவில் வெள்ளைச் சமநிலைத் தகவலை, அதாவது அந்த வெளிச்சத்தில் எது வெள்ளை என்ற கணக்கை, பூட்டி எழுதியது பெரிய சண்டையானது. நாம் எடுத்த படத்துக்குள்ளேயே நாம் படிக்க முடியாத ஒரு மூலை! ‘திறந்த’ என்பதற்கு எனக்கு ஒரே அளவுகோல்தான்: வடிவத்தின் முழு விவரத்தையும் எழுதி வெளியிட்டிருக்கிறார்களா? யார் எழுதினார்கள் என்பது அதற்குப் பிறகுதான். டிஎன்ஜியின் அடுத்த பதிப்பை இன்னும் அடோபிதான் தீர்மானிக்கிறது என்பது குறைதான். ஆனால் வெளியிட்ட பழைய பதிப்பை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது.

மன்னார்குடி, ஸ்டுடியோ: அண்ணே, கன்வெர்ட்டரில் ஏகப்பட்ட ஆப்ஷன் இருக்கிறதே. எதை டிக் செய்யணும்?

இழப்புச் சுருக்கம், அதாவது ‘லாஸி’, கண்டிப்பாக வேண்டாம். ஃபைல் சின்னதாகும், ஆனால் போனது போனதுதான். ‘லீனியர்’ என்பதும் வேண்டாம். சென்சாரில் ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்தான் பதிவாகிறது. லீனியர் ஆக்கினால் மற்ற இரண்டு நிறங்களையும் கணித்து நிரப்பி எழுதிவிடும். எடையும் கூடும், நாளைக்கு இதைவிட நல்ல கணக்கு வந்தால் பயன்படுத்தவும் முடியாது.

‘மூல ராவை உள்ளே பொதி’ என்று ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் நிக்கானின் நெஃப் ஃபைல் முழுசாக டிஎன்ஜிக்குள் உட்காரும், எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். ஃபைல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அதற்குப் பதில் நெஃப்பைத் தனியாக வைத்திருப்பதே மேல் என்பேன். பொதியாமல் மாற்றிவிட்டு மூலத்தை அழித்தால், டிஎன்ஜியிலிருந்து நெஃப்புக்குத் திரும்ப வழியில்லை. நிக்கானின் சொந்த மென்பொருளும் அந்த டிஎன்ஜியைத் திறக்காது. பொருந்தும் பதிப்பு என்ற இடத்தில் மிகப் புதியதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2023-ல் வந்த 1.7 ஜேபெக் எக்ஸ்எல் சுருக்கத்தை அனுமதிக்கிறது, பழைய மென்பொருள்கள் அதைக் கண்டு முழிக்கும்.

திருவாரூர்: எல்லாவற்றையும் டிஃப் ஆக்கி வைத்தால் தலைவலி தீர்ந்ததே?

24 மெகாபிக்சல் படம், மூன்று நிறம், நிறத்துக்கு 16 பிட். பெருக்கிப் பாருங்கள், சுருக்காமல் 144 எம்பி. அதே படத்தின் ரா சுமார் 25–30 எம்பிதான். இடத்தையாவது காசு கொடுத்து வாங்கலாம். டிஃப்பில் வெள்ளைச் சமநிலையும் மற்றதும் தீர்மானமாகிப் பதிந்துவிடுகின்றன, ராவில் இருந்த விளையாட்டு அதில் இல்லை. எடிட் முடிந்த நல்ல படங்களுக்கு மட்டும் டிஃப் வைத்துக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறை: தாத்தா ஸ்டுடியோவின் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்கிறேன். அதையும் டிஎன்ஜி ஆக்கலாமா?

வேண்டாம்மா. சாதாரண ஸ்கேனர் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறத்தையும் அளந்தே தருகிறது. அங்கே 16 பிட் டிஃப்தான் சரியான வடிவம். ஓலைச்சுவடி பற்றிக் கேட்ட தஞ்சைத் தம்பிக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சுவடியைக் கேமராவில் எடுத்தால் ராவையும் டிஃப்பையும் இரண்டையுமே வையுங்கள். சட்டகத்துக்குள் ஒரு நிற அட்டையும் அளவுகோலும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால், இருபது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு ஓலை பழுப்பா, விளக்கு மஞ்சளா என்று தெரியாது.

கோடியக்கரை: பறவைப் படங்கள் மட்டும் 2 டிபி இருக்கு. டிஎன்ஜி ஆக்கினால் இடம் மிச்சமாகுமா?

கொஞ்சம் மிச்சமாகலாம், அதற்காக மெனக்கெட வேண்டாம். ஒரே பூநாரை, ஒரே கால், தொடர்ச்சியாக முப்பது ஃபிரேம்! இருபத்தெட்டைத் தூக்கி எறியுங்கள். அதைவிட நல்ல சுருக்கம் கிடையாது.

நாகப்பட்டினம்: போனில் எடுக்கும் ராவும் இதே கதைதானா?

போன்காரர்கள் பரவாயில்லை. ஆண்ட்ராய்டு 2014-ன் 5.0 பதிப்பிலிருந்தும், ஐபோன் 2016-ன் ஐஓஎஸ் 10-லிருந்தும் ராவை டிஎன்ஜியாகவே எழுத வழி செய்தன. மாற்றும் வேலையே இல்லை. ஆனால் 2020-ல் வந்த ஆப்பிள் புரோரா டிஎன்ஜி என்றாலும் லீனியர் வகை. பல ஃபிரேம்களைச் சேர்த்துப் பதப்படுத்திய பிறகு எழுதுகிறது.

பாபநாசம்: லைட்ரூமில் செய்த கரெக்‌ஷன் எங்கே போய் உட்காருகிறது?

முதலில் லைட்ரூமின் கேட்டலாக்கில், அதாவது அந்த எடிட் மென்பொருள் தனக்கென வைத்திருக்கும் பட்டியல் ஃபைலில். படத்தோடும் சேமிக்கச் சொன்னால், நெஃப், சிஆர்2 போன்றவற்றுக்குப் பக்கத்தில் ‘எக்ஸ்எம்பி’ என்று தனி ஃபைலாக. அதுவும் 2012-லிருந்து ஐஎஸ்ஓ தரம். நகல் எடுக்கும்போது அதை விட்டுவிடுவதுதான் வழக்கமான விபத்து. டிஎன்ஜி என்றால் உள்ளேயே எழுதிவிடும். வசதிதான், ஆனால் சின்னத் திருத்தத்துக்கும் முழு ஃபைலும் மாறியதாகக் கணக்கு, பேக்கப் மறுபடி ஓடும். இன்னொரு நன்மை: அடோபி மாற்றித் தரும் டிஎன்ஜிக்குள் படத்தரவின் எம்டி5 கைரேகை, அதாவது தரவு மாறினால் காட்டிக்கொடுக்கும் ஒரு எண், இருக்கும். லைட்ரூம் கிளாசிக்கில் டிஎன்ஜிகளைச் சரிபார்க்கச் சொன்னால், எந்த ஃபைல் கெட்டிருக்கிறது என்று அதுவே காட்டும்.

சீர்காழி: ஜேபெக் மட்டும் போதாதா?

பிறந்தநாளுக்குப் போதும்.

வேதாரண்யம்: 2018 கஜாவில் கூரை போய் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் நனைந்துவிட்டது. எந்த ஃபார்மட் இதற்கு உதவும்?

எதுவும் உதவாது, ஐயா. திறந்த வடிவம் படத்தைப் படிக்க உதவும், படம் இருந்தால். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். இந்த வேறு ஊரைத்தான் நம் ஆட்கள் தட்டிக்கழிக்கிறார்கள். ஒரே அலமாரியில் மூன்று டிஸ்க் இருந்தால் கடலோரத்தில் அது ஒரு நகல்தான். திருச்சியிலோ மதுரையிலோ உள்ள மகள் வீட்டில் ஒன்றை வையுங்கள். தீபாவளிக்குப் போகும்போது புதுசைக் கொடுத்துவிட்டுப் பழசை எடுத்து வாருங்கள். வந்ததும் ஒருமுறை செருகி நாலு படமாவது திறந்து பாருங்கள். பெண்டிரைவை நகல் கணக்கில் சேர்க்காதீர்கள்.