கறுப்புத் திரையில் உங்கள் கடைக் கடன் நோட்டு

வணக்கம் அம்மா. சனிக்கிழமை தண்டையார்பேட்டையிலிருந்து கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு மகளோடு வந்தீர்கள். அடுத்தவர்கள் காத்திருந்ததால் முழுதாகப் பேச முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பிசிஏ முதல் வருஷம் படிக்கிற பெண் ராத்திரி பதினோரு மணிவரை கறுப்புத் திரையில் எதையோ தட்டுகிறாள், படமும் இல்லை பட்டனும் இல்லை, எதிர்வீட்டுப் பையன் போனிலேயே ஆப் செய்து காட்டுகிறான், செயினை அடகு வைத்தாவது கோர்ஸில் சேர்க்கட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் அம்மா. செயின் கழுத்திலேயே இருக்கட்டும்.

அவள் தட்டிக்கொண்டிருப்பது உங்கள் கடையின் கடன் நோட்டைத்தான். நீங்கள் தண்ணீர் குடிக்கப் போனபோது லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். பெயரும் தொகையும் தட்டினால் கணக்கில் ஏறுகிறது, பெயரை மட்டும் தட்டினால் பாக்கி வருகிறது. இதைக் கமாண்ட் லைன் அப்ளிகேஷன் என்பார்கள். எழுத்தில் கேட்போம், எழுத்திலேயே பதில் வரும். கலர், பட்டன் என்று நேரம் போகாது, கணக்கு சரியாக வருகிறதா என்பது ஒன்றுதான் கவலை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு பாட்டிக்கு 50 ரூபாய் பாக்கி. மறுபடி 30 ரூபாய்க்குச் சாமான் வாங்கினார். திரையில் 80 வரவில்லை, 5030 வந்தது! அவள் எழுதுகிற பைத்தான் என்ற நிரல் மொழியில் ‘இன்புட்’ என்று கேட்டு வாங்குவதெல்லாம் வெறும் எழுத்தாகத்தான் உள்ளே போகும். இரண்டு எழுத்துச் சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒட்டவைத்துவிடும். ‘இன்ட்’ போட்டு எண்ணாக மாற்றினால்தான் கூட்டும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு ராத்திரி ஆனது. நீங்கள் வீணாய்ப் போனதாக நினைத்த ராத்திரிகள் அவைதான்.

இன்னொன்று, ஃபைலை ‘டபிள்யூ’ என்ற முறையில் திறந்திருந்தாள். அப்படித் திறந்தால் பழையது மொத்தமும் அழிந்துவிடும். நேற்றைய பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்றைய கணக்கை எழுதுகிற மாதிரி. கடைசியில் சேர்த்து எழுத ‘ஏ’ முறை வேண்டும் என்று சொன்னேன். அப்புறம், விண்டோஸில் தமிழ்ப் பெயர்கள் சிக்கல் தராமல் இருக்க, ஃபைலைத் திறக்கும்போதே யூடிஎஃப்-8 என்று குறிப்பிடச் சொல்லியிருக்கிறேன். தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கிற முறை அது.

கடைசி வருஷத்தில் காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். “இதில் நீ எங்கே திணறினாய்?” என்று ஒரு கேள்வி வந்தால் முகம் வெளிறிவிடும். உங்கள் பெண்ணிடம் 5030 கதை இருக்கிறது. அதை அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

இது மட்டும் வேலை வாங்கித் தந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அடுத்து இதே கணக்கை எஸ்க்யூலைட்டுக்கு மாற்றட்டும். பைத்தானோடு கூடவே வருகிற, தகவல்களை ஒழுங்காகச் சேமிக்கிற டேட்டாபேஸ் அது, தனிச் செலவு கிடையாது. பிறகு நிரலில் செய்கிற மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கிற கிட் பழகி, மற்றவர்களும் பார்க்கும்படி நிரல்களை வைக்கிற கிட்ஹப் இணையதளத்தில் ஏற்றட்டும். ஏற்றும்போது உங்கள் வாடிக்கையாளர்களின் பெயரும் பாக்கியும் அதில் போகவே கூடாது. உங்களை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் அவர்கள். கற்பனைப் பெயர்களைப் போட்டுக் கொள்ளட்டும்.

பாடம் வேண்டுமென்றால் ஐஐடி ஆசிரியர்களின் பாடங்கள் இருக்கிற என்பிடெல் இணையதளத்தில் பைத்தான் வகுப்புகள் இருக்கின்றன. படிக்கப் பணம் வேண்டாம், சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். வீட்டில் சத்தமாக இருந்தால் உட்கார்ந்து படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் தருகிற முதல்வர் படைப்பகம் கொளத்தூரில் இருக்கிறது, 2024-ல் திறந்தது, ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த வாரக் கடன் பக்கத்தை அவளிடம் கொடுங்கள். அவள் தட்டி முடித்ததும், ஒவ்வொருவர் பாக்கியையும் நீங்கள் கையால் கூட்டிப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் திட்டாமல், எந்தப் பெயரில் இடிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். மாசக் கடைசியில் இரண்டு பேரும் வாருங்கள், நோட்டையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு.